நாலு விரல் உயரம்

ஓடைப் பாறையில் தினமும் அடிவயிறு உரசி அவமானப்பட்ட கிழட்டு ஜீப், பட்டறையில் புது ஸ்பிரிங்கிடம் கறாராகச் சொன்னது: "எட்டு விரலுக்குக் குறையாமல் என்னை உயர்த்து."

"பத்தே உயர்த்துறேன் அண்ணாச்சி," என்றது ஸ்பிரிங்.

ஜீப்பின் உடம்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே தொங்கிய பிரேக் குழாய் குறுக்கிட்டது. "உங்க மாடலுக்கு என்னைவிட நீளமா ஒருத்தன் கிடையாது. நான் நாலு விரலுக்குத்தான் எட்டுவேன்."

"ஏழு," என்றது ஜீப்.

"நாலு."

"உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், ஆறு."

"ஆறுன்னா அறுந்துடுவேன். பிரேக் இல்லாம ஓடையில இறங்குங்க, உயரமாவே விழலாம்."

பேரத்தில் தோற்றே அறியாத ஜீப் ஒருமுறை உறுமியது. பிறகு நாலுக்கே ஒப்புக்கொண்டது.

மறுநாள் பாறைக்கு மேலே ஒரு விரல் இடைவெளியில் சத்தமில்லாமல் கடந்தது.

"என்னப்பா, தொடாமலே போறே?" என்றது பாறை.

"நாலு விரலுக்கு மேல ஒரு நூல்கூட வேண்டாம்னு சண்டை போட்டு வாங்கினேன்," என்றது ஜீப்.

பிரேக் குழாய் வாயை மூடிக்கொண்டு சிரித்தது.