ஏழாவது கதையின் முதல் பக்கம்

“அடுத்தது,” என்றார் அவர், நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடியபடி.

மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான். கண்ணழுத்த நோய் இரண்டு கண்களின் பார்வையையும் தின்று தீர்த்து ஒன்றரை வருடமாகிறது.

மதிப்புரை எழுதுவதை மட்டும் அவர் விடவில்லை. மனைவி வாசிப்பாள். அவர் சொல்வார். அவள் தட்டச்சு செய்வாள்.

எழுத்தாளர்கள் தங்களுக்குள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘கத்தரி’.

இன்றைக்கு வெட்டுக்கு வந்திருந்தது ஒரு தெற்காசியக் கலை இலக்கியக் காலாண்டிதழின் புதிய இதழ். ஐந்து மணிக்குள் மதிப்புரை நாளிதழின் ஞாயிறு இணைப்புக்குப் போயாக வேண்டும். அங்கிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது.

காலையிலிருந்து ஆறு கதைகளும் பதினோரு கவிதைகளும் முடிந்திருந்தன. இரண்டு கதைகளை உப்புச் சப்பில்லை என்று தள்ளினார். ஒரு கவிஞரை, பாவம், ஒரே வார்த்தையில் முடித்தார்.

நடுப்பக்க ஓவியங்களை அவள் சொல்லிக் காட்டினாள்.

“நிறத்தை விடு. அந்தப் பொம்பளையோட கை எங்க இருக்கு?”

“முதுகுக்குப் பின்னால.”

“அப்ப நல்ல ஓவியம்தான்.”

இப்போது அவள் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு ஏழாவது கதையைத் தொடங்கினாள். எழுதியது யாரென்று அவர் கேட்டார். புதிதாக எழுதும் ஒரு பெண் என்றாள்.

ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் லிப்ட் இயக்குகிறவனின் மனைவி, அவசரமாக ஒரு செய்தி சொல்ல அவனைத் தேடிப் போகிறாள். லிப்டில் அதிகாரிகள் நிற்கிறார்கள். அவன் அவளை யாரோ போலப் பார்த்து, “எத்தனாவது மாடி?” என்று கேட்கிறான். கதை அவ்வளவுதான்.

மற்ற கதைகளை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தவள், இதை ஒரே சீராக வாசித்தாள். நல்ல வரிக்குக் குரலை உயர்த்தவில்லை. மோசமான வரியை விழுங்கவும் இல்லை.

முடிந்ததும் அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“முதல் பக்கம் தண்டம்.”

“ஏன்?”

காலையிலிருந்து எந்தக் கதைக்கும் அவள் ஏன் என்று கேட்டிருக்கவில்லை.

“மழை, கட்டடம், படிக்கட்டு... தொண்டையைக் கனைச்சுக்கிட்டே இருக்கா. அவ லிப்டுக்குள்ள கால் வைக்கிறப்பதான் கதையே ஆரம்பிக்குது.”

அவள் முகம் சுட்டது. “அப்புறம்?”

“நடுவுல அழுகை ஜாஸ்தி. கட்டின புருஷனே எத்தனாவது மாடின்னு கேட்டுட்டான். அதுக்கு மேல இவ வேற எதுக்கு அழணும்? படிக்கிறவன் அழுதுட்டுப் போறான்.”

“அப்புறம்?”

“என்ன நீ, விடமாட்டேங்கிற?”

“சரியா எழுதணும்ல. சொல்லுங்க.”

அவர் நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“ஆனா அந்த ஒரு கேள்வி இருக்கே. நாப்பது வருஷமா படிக்கிறேன், இப்படி ஒரு அடி வாங்கி ரொம்ப நாளாச்சு. இதையும் எழுதிக்க.”

அவள் எழுதிக்கொண்டாள். முழு மதிப்புரையையும் ஒரு முறை வாசித்துக் காட்டினாள். அவர் தலையாட்டினார். எழுந்து சுவரைத் தொட்டபடி படுக்கையறைப் பக்கம் நடந்தவர், வாசலில் நின்றார்.

“அந்தப் பொண்ணை ரொம்பக் காய்ச்சிட்டேனோ?”

“தாங்கிக்குவா.”

கட்டில் கிறீச்சிடும் வரை காத்திருந்தாள். பிறகு மதிப்புரையில் ஏழாவது கதையைப் பற்றிய பத்தியை முழுவதுமாக நீக்கினாள். அந்த இடத்தில் ஓவியத்தைப் பற்றிக் காலையில் அவர் சொன்னதைச் சேர்த்தாள். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அனுப்பினாள்.

இதழில் இருந்ததே ஆறு கதைகள்தான்.

அதன் பக்கங்களுக்கு நடுவிலிருந்து, மடிப்பில் நைந்துபோன ஒன்பது தாள்களை வெளியே எடுத்தாள். கல்யாணமான வருடம் அவரிடம் நீட்டியவை. “அப்புறம் பாக்குறேன்” என்று வாங்கி மேசையில் வைத்தார். இருபத்தேழு வருடங்களில் அந்த ‘அப்புறம்’ வரவே இல்லை.

முதல் தாளை உருவி இரண்டாகக் கிழித்தாள்.

பேனாவைத் திறந்து, நடுவில் இருந்த அழுகைகளை ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்கினாள்.