காலி நாற்காலிக்கு ஒரு தட்டு

நியூயார்க்கின் இந்தச் சிறிய அரங்கில், மூன்றாவது வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன். என் கோட்டுப் பையில் என் வக்கீல் எழுதிய கடிதம் இருக்கிறது. நாளை அரங்கேறும் தன் நாடகத்திலிருந்து, இப்போது ஒத்திகை நடக்கும் இந்தக் காட்சியை என் மகன் எல்லிஸ் நீக்கியாக வேண்டும் என்கிறது அது. "நாற்காலி கடிக்காதுப்பா, சாஞ்சு உக்காருங்க" என்கிறான் முன்வரிசையிலிருந்து, திரும்பாமலே. நான் சாயவில்லை. ஒத்திகை மேடையில் ஒற்றை விளக்கு. அதன் மஞ்சள் வட்டத்துக்குள் ஒரு மேசை, ஒரு காலி நாற்காலி, அதன் முன்னால் ஒரு தட்டு, தட்டின் மேல் சூப் கிண்ணம். செத்துப்போன எங்கள் மகள் மேபலுக்கு என் மனைவி பத்து வருடம் இப்படித்தான் தட்டு வைத்தாள். எங்கள் வீட்டுச் சுவர்களைத் தாண்டி யாருக்கும் அது தெரியாது. என் மனைவியாக நடிப்பவள் கரண்டியை எடுக்கிறாள். சூப் இல்லாத கிண்ணத்தில் அது உரசும் சத்தத்தில் என் பல் கூசுகிறது. வாயைத் திறந்தவளுக்கு வசனம் மறந்துவிட்டது. "வசனம்!" என்று இருட்டைப் பார்த்துக் கத்துகிறாள். பிரதியை வைத்திருக்கும் பெண் ஓரத்திலிருந்து படிக்கிறாள்: "சாப்பிடு கண்ணு, சூப் ஆறுது."

"அவ அப்படிச் சொல்லமாட்டா."

குரல் என்னுடையது. நான் எழுந்து நிற்கிறேன். நடிகை புருவத்துக்கு மேல் கையை வைத்து என்னைத் தேடுகிறாள். "பின்ன எப்படிச் சொல்லுவாங்க, சார்?" எல்லிஸ் இப்போது திரும்பிப் பார்க்கிறான். அவன் கையில் பென்சில் அசையாமல் நிற்கிறது. பைக்குள் கடிதம் என் விரல்களில் கசங்குகிறது.

"அப்பா வர்றதுக்குள்ள சாப்பிட்டுரு கண்ணு" என்கிறேன். "அப்படித்தான் சொல்லுவா. கதவுக்கு வெளிய நின்னு கேட்டிருக்கேன்."

பென்சில் எழுதத் தொடங்குகிறது.