கீழ்ப்பாதி

கையெழுத்து வாங்கக் கூடாரத்தில் நின்ற வரிசையில் எல்லார் கையிலும் ஒரே படம். ஒரு அம்மாள் மட்டும் தன்னுடையதைச் சுருட்டி வைத்திருந்தார்.

இருபத்தொரு வயது டுவைன் ஹோலுப், ஒரு கையை வானத்துக்கு உயர்த்தி, வாய் பிளந்து கத்தும் படம். மார்புக்குக் கீழே பத்திரிகைக்காரர்கள் வெட்டிவிட்டார்கள்.

நெப்ராஸ்காவின் அந்தப் பக்கத்தில் இந்தப் படம் மாட்டாத முடிதிருத்தகமே கிடையாது. அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் கடைசி நொடியில், கோல் கோட்டுக்கு மூன்று கஜம் முன்னால், பந்தோடு பாய்ந்து வந்த எதிரணிக்காரனை முட்டிச் சாய்த்துக் கல்லூரியை ஜெயிக்க வைத்தவரை ஊர் மறக்குமா? பிறகு சம்பளத்துக்கு ஆடிய இரண்டு வருடம், போன முழங்கால், முப்பது வருட டிராக்டர் வியாபாரம் எல்லாம் யாருக்கு வேண்டும்? டிராக்டர் வாங்க வருகிறவனும் முதலில் கையைத் தூக்கிக் காட்டச் சொல்வான்.

"அன்னிக்கு என்னண்ணே கத்துனீங்க?" என்றும் கேட்பான்.

"ஜெயிச்சுட்டோம்னுதான்டா," என்பார் டுவைன். முதலில் ஒரு நிருபரிடம் வாய்க்கு வந்ததைச் சொன்னார். அதுவே நிலைத்துவிட்டது.

அந்த அம்மாளின் முறை வந்தது.

"யார் பேருக்கும்மா எழுதணும்?" டுவைன் நிமிரவில்லை.

"க்ளென் மெக்கேப். என் தம்பி."

பேனா நின்றது. எத்தனையோ கடிதங்களை அந்தப் பெயரோடு தொடங்கிக் கிழித்துப் போட்டிருக்கிறார்.

அம்மாள் படத்தை மேசைமேல் விரித்தார். வெட்டாத படம்.

அதில் டுவைன் நிற்கவில்லை, மண்டியிட்டிருந்தார். அவருடைய இன்னொரு கை, எதிரணிச் சட்டையோடு புல்லில் அசையாமல் கிடந்தவனின் விரல்களைப் பிடித்திருந்தது. பின்னால் மாணவர் கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்து, வெற்றிக் களிப்பில் கோல் கம்பத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தது. பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட இந்தப் பக்கம் திரும்பவில்லை.

"மார்ச்ல போயிட்டான். இத்தன வருஷமும் அவன் எழுந்திரிக்காமக் கிடந்த கட்டிலுக்கு எதிர்ல இதான் மாட்டியிருந்துச்சு. நீங்க என்ன கத்துனீங்கன்னு கேட்டா, அத அவரே ஒரு நாள் சொல்லுவார்னுட்டான்."

டுவைன் பேனாவை மூடி வைத்தார். அவன் காத்திருந்திருக்கிறான்.

வரிசையில் பொறுமை போய்விட்டது. "அண்ணே, கையத் தூக்குங்க! ஒரு போட்டோ!" கைபேசிகள் உயர்ந்தன.

டுவைன் மேசையைச் சுற்றி வந்தார். பாழாய்ப்போன முழங்காலை மடக்கி மெல்ல மண்டியிட்டார். கையைத் தூக்கினார்.

"டாக்டர்!" என்று கத்தினார். "டாக்டரக் கூப்பிடுங்கடா! யாராவது வாங்கடா!"

சிரித்துக்கொண்டிருந்த வரிசை பின்வாங்கியது. யாரோ ஓடினார்கள். நிமிடத்தில் முதலுதவி ஆட்கள் இருவர் பெட்டியோடு உள்ளே நுழைந்தார்கள்.

"யாருக்குங்க? யாருக்கு என்னாச்சு?"

டுவைன் மேசையிலிருந்த படத்தைக் காட்டினார்.