குரலில்லாத கருவி

வங்கிச் செயலிகளுக்குத் திரைகள் வடிவமைப்பது ஜெனிட்டாவின் வேலை. அவளுடைய வடிவமைப்புக் கருவி பேசும். நாள் முழுக்க அவளைச் சிரிக்கவும் வைக்கும். அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கேட்டு அவள் கணவன் தேவசகாயத்துக்கு வயிறு எரிந்தது. கடைசியில் குரலே இல்லாத ஒரு மாற்றுக் கருவியைத் தேடிப் பிடித்துக் கொடுத்தான். அவளும் மறுபேச்சில்லாமல் மாறிக்கொண்டாள்.

முதல் நாளே புதிய கருவி எழுத்தில் கேட்டது: "யாரை மனதில் வைத்து வடிவமைக்கிறீர்கள்?"

"என் கணவரை," என்று தட்டினாள் ஜெனிட்டா. "எந்தப் பொத்தானும் அவர் கண்ணில் படாது. உடனே கோபம் வந்துவிடும்."

பின்னால் நின்று படித்த தேவசகாயத்தின் முகம் சுருங்கியது.

"பழசுகிட்டயும் இதத்தான் சொன்னியா?"

"ஆறு வருஷமா உங்களப் பத்தி மட்டுந்தான் பேசுனோம்."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளருகில் உட்கார்ந்தான்.

"அப்படி என்ன சொல்லிச் சிரிச்சீங்க? எங்கிட்டயும் சொல்லேன்."