பச்சை லைட் பக்கம்

மலர்க்கொடி முந்தானைக்குள் ஒரு கோழியை மறைத்துக்கொண்டு, கொட்டகையின் பச்சை லைட் பக்கத்திலிருந்து வெளியே வந்தாள். செம்மொழி தன் கண்ணாலேயே பார்த்துவிட்டாள்.

இதைத்தான் அப்பா நெடுஞ்செழியன் ஒரு வாரமாகத் தலைபாடாக அடித்துக்கொண்டார். திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் அவர்களுடைய கோழிப்பண்ணை. வேலைக்கு இருப்பது மலர்க்கொடி ஒருத்திதான். அவள் கை சுத்தமில்லை என்று அவர் சொன்னபோதெல்லாம் செம்மொழி சண்டைக்குப் போனாள். இப்போது அவரிடம் எந்த முகத்தோடு போவது?

செம்மொழிக்குக் கால்நடை மருத்துவத்தில் கடைசி வருஷம். ப்ராஜெக்டுக்காகக் கொட்டகையைப் படுதா போட்டு இரண்டாகத் தடுத்திருந்தாள். ஒரு பக்கம் பச்சை லைட், மறுபக்கம் வெள்ளை லைட். ஒரே வயசுக் குஞ்சு, ஒரே தீவனம். பச்சை வெளிச்சத்தில் கோழி நன்றாகச் சதை போடும் என்று காட்ட வேண்டும். ஆரம்பித்த அன்றே மலர்க்கொடியிடமும் இதைப் பெருமையாகச் சொல்லி வைத்தாள்.

எடை போட்டுப் பார்த்தால் எல்லாம் தலைகீழ். வெள்ளைப் பக்கம் கொழுகொழுவென்று திரிகிறது. பச்சைப் பக்கம் நொண்டியும் நோஞ்சானுமாகக் கிடக்கிறது. எண்ணிக்கை மட்டும் சரியாக இருந்தது. இப்படியே போனால் ப்ராஜெக்ட் பாழ், ஒரு வருஷப் படிப்பும் பாழ். பாவம், அந்தப் பெண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போதல்லவா விஷயம் புரிகிறது! கொழுத்ததை விற்றுவிட்டு, எங்கேயோ சோனியாக வாங்கிவந்து கணக்குக்கு விடுகிறாள். அக்கா அக்கா என்று கூப்பிட்டதற்கு நல்ல மரியாதை.

"நில்லுங்கக்கா. முந்தானையில என்ன?"

மலர்க்கொடி பதறவே இல்லை. சத்தம் போட்டால் கோழி மிரளும் என்று ஜாடை காட்டிவிட்டு, நேராக வெள்ளை லைட் பக்கம் போனாள். கொழுத்த கோழியை அங்கே இறக்கி விட்டாள். மூலையில் காலை இழுத்துக்கொண்டு கிடந்த ஒன்றைத் தூக்கி, அதே முந்தானையில் பொத்திக்கொண்டாள்.

செம்மொழி குறுக்கே போய் நின்றாள். "என்னக்கா பண்றீங்க?"

"தினம் ஒண்ணு ரெண்டு இப்படித்தான் மாத்தி விடறேன் பாப்பா. பச்சை வெளிச்சத்துல உடம்பு தேறும்னு நீதானே சொன்னே? தேறினது அங்க இடத்தை அடைச்சுக்கிட்டு எதுக்கு? இது நாலு நாள் இருந்து பிழைச்சுக்கட்டும்."