ஜெசிந்தாவின் நாற்காலி

"ம்மா, அவங்க உள்ள வந்தா எழுந்து நிக்காத. பயந்தவங்கதான் எழுந்து நிப்பாங்க" என்று காதோரம் சொல்லிவிட்டு, ரேணுகா அந்த அட்டையைத் தாயின் கழுத்தில் மாட்டினாள்.

அட்டையில் இருந்த படம் தெய்வநாயகியுடையது. கீழே இருந்த பெயர் வேறு. டாக்டர் ஜெசிந்தா, வேதியியல் துறை.

"யாருடி இந்த ஜெசிந்தா? எங்க அவங்க?"

"ரிட்டயரான புரொபசர்தான், உன்னாட்டமே. ஒடம்பு முடியலையாம், ஆபீஸ்ல சொன்னாங்க. இன்னிக்கி ஒரு நாளுதாம்மா. பயப்படாத."

பயப்படாதே என்று சொன்னவளின் விரல் சில்லென்றிருந்தது.

சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டி, ஏரிக்கரையோடு உள்ளே போனால் வரும் அந்த இன்ஜினியரிங் காலேஜில் அன்று இன்ஸ்பெக்‌ஷன். அங்கே வேலை பார்ப்பதாகக் காட்டியிருந்த பிஎச்.டி.காரர்களில் பாதிப் பேர் காகிதத்தில் மட்டும்தான் இருந்தார்கள். வாத்தியார் ஒவ்வொருவரும் ஆளுக்கு ஒரு முனைவரைக் கூட்டிவர வேண்டும், முடியாதவர் இந்த மாதத்தோடு நின்றுகொள்ளலாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

மருமகனுக்கு வேலை போய் ஏழு மாதம். அங்கே பாடம் நடத்தும் ரேணுகா வேறு யாரைக் கூட்டிவருவாள்?

முப்பத்தொரு வருடம் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் நடத்தியவள் தெய்வநாயகி. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் நின்றால் யாராவது ஒருத்தர் "மேடம், நல்லாருக்கீங்களா?" என்று வந்துவிடுவார்கள். இத்தனை நாளும் அது அவளுக்குப் பெருமையாக இருந்தது. இன்று அப்படி ஒரு குரல் வந்தால் போதும், மகளின் வேலையும் போகும், தன் மானமும் போகும்.

பக்கத்து நாற்காலிப் பெரியவர் சாவகாசமாக மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரும் ஓய்வுபெற்ற பேராசிரியர்தானாம்.

"இன்னா மேடம், மொத தபாவா? வேர்த்துக் கொட்டுது. நேத்து படாளம் பக்கம் ஒரு காலேஜ்ல நான் மெக்கானிக்கல். இன்னிக்கி சிவில். வூட்டுல கேக்குறா, உள்ள வர்றப்பவாவது யாருன்னு கரெக்டா சொல்லிட்டு வாய்யான்னு."

சிரிக்கப் பார்த்தாள். வாய் ஒத்துழைக்கவில்லை.

இன்ஸ்பெக்‌ஷன் குழுவினர் மூன்று பேர் உள்ளே வந்தார்கள். மூவரில் சின்னவன் நேராக வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். சட்டைப் பையில் குத்தியிருந்த வில்லையில் ஜெபசிங் என்று பெயர்.

ஜெபசிங். எந்த வருடத்துப் பையன்? கடைசி பெஞ்சா? லேபில் லென்ஸை உடைத்தவனா? அவன் முகத்தை நினைவிலிருந்த முகங்களோடு ஒட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிடிபடவில்லை.

அவன் ஜெசிந்தாவின் கோப்பைத் திறந்தான். முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டான்.

அட்டையைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். மறுபடியும் பக்கத்தைப் பார்த்தான்.

கண்டுபிடித்துவிட்டான்.

"மேடம், உங்க ரிசர்ச் எதுல?"

பஸ்ஸில் வரும்போது மனப்பாடம் செய்தது. கடகடவென்று வந்தது. "கரோஷன். கடல் தண்ணி இரும்ப எப்படி அரிக்குதுன்னு."

"தண்ணி எங்க எடுத்தீங்க?"

ரேணுகா கொடுத்த தாளில் அது இல்லை. செங்கல்பட்டுப் பக்கம் அவள் கால் நனைத்த கடல் ஒன்றே ஒன்றுதான்.

"புதுப்பட்டினத்துல."

அவன் பேனாவைக் கீழே வைத்தான்.

"சதுரங்கப்பட்டினம், மேடம்."

குரல் அடுத்த மேசைக்குக்கூடக் கேட்டிருக்காது.

"நான் அப்ப ஆறாவது படிச்சிக்கினு இருந்தேன். லீவு நாள்ல கேனத் தூக்கிக்கினு எங்க அம்மா பின்னாடியே போவேன். அலையில செருப்பு போயிடும். அதுக்கும் எனக்குத்தான் திட்டு."

ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது கழுத்திலிருந்த அட்டை கல்லாய்க் கனத்தது.

"அம்மா போயி ரெண்டு வருசம் ஆவுது" என்றான்.

கத்தப் போகிறான் என்று நினைத்தாள். கத்தவில்லை. கோப்பின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். என் சான்றிதழ்களை இந்தக் கல்லூரி பயன்படுத்திக்கொள்ளச் சம்மதிக்கிறேன் என்று ஒரு கடிதம், மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. கீழே பச்சை மையில் கையெழுத்து.

அந்தக் கையெழுத்து போலி இல்லை என்பதை அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். ஜெசிந்தா உயிரோடு இருக்கும்போது தானே போட்டுக் கொடுத்தது. மகனுக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது.

உள்ளங்கையால் அதை மூடிக்கொண்டான்.

"ஜெபசிங், அங்க ஏதாவது பிரச்சினையா?" என்று அடுத்த மேசையிலிருந்து குழுவின் தலைவர் கேட்டார்.

"ஒரு நிமிஷம் சார்."

மேசைமேல் குனிந்தான். கண் சிவந்திருந்தது. "உங்க பேரு இன்னா மேடம்? நெஜப் பேரு. எனக்கு மட்டும் சொல்லுங்க."

வாசலில் ரேணுகா நின்றுகொண்டிருந்தாள். துப்பட்டா நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக.

தன் பெயர் நாக்கு வரைக்கும் வந்தது. ஒரு மகனிடம் அவன் அம்மாவின் பெயரைத் தன் பெயரென்று எப்படிச் சொல்வது? சொல்லாமல் எப்படி வீட்டுக்குப் போவது?

"ஜெசிந்தா" என்றாள்.

அறை வாங்கியவன்போல் அவன் பின்னால் சாய்ந்தான். பிறகு பேனாவை எடுத்து, பெயருக்கு எதிரே டிக் அடித்து, கோப்பை மூடினான்.

"சரியா இருக்கு சார்!" என்று தலைவருக்குக் குரல் கொடுத்தான்.

எழுந்தவன், அவள் பக்கம் திரும்பாமலே, மெதுவாகச் சொன்னான்.

"அடுத்த தபா யாருனா கேட்டா, சதுரங்கப்பட்டினம்னு சொல்லுங்க."