வாரம் மூன்று வாக்கியம்

"குமே சான், இந்த வாரமும் அதே வார்த்தைதானா?"

இசோகாய் டீச்சர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். உள்ளுக்குள் எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து, செவ்வாய்க்கிழமை காலைகளில் அந்த ஜப்பானிய ஊரின் வட்டாரச் சமூகக் கூடத்தில் பெரியவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருகிறார். ஒன்பது பேர் வருகிறார்கள். போன வாரம் நடந்ததை இங்கிலீஷில் மூன்று வாக்கியமாக எழுதி வர வேண்டும். 'நேற்று', 'திடீரென்று', 'அதிர்ஷ்டவசமாக' என்று ஏதாவது ஒரு வார்த்தையில் ஒவ்வொன்றும் ஆரம்பிக்க வேண்டும். எழுந்து நின்று வாசித்ததும் எல்லோரும் கைதட்டுவார்கள். யார் என்ன வாசித்தாலும் தட்டுவார்கள். கைதட்டல் என்ன, காசா பணமா?

முதலில் நிராசாவா அம்மாள் வாசித்தார்.

"நேற்று, நான் முள்ளங்கி ஊறுகாய் போட்டேன். திடீரென்று, மழை பெய்தது. அதிர்ஷ்டவசமாக, துணிகளை உள்ளே எடுத்துவிட்டேன்."

கைதட்டல். "வெரி குட்!"

அடுத்தது குமே. எழுபத்தொன்பது வயது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நகராட்சிக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் ஒண்டிக்கட்டை.

"துரதிர்ஷ்டவசமாக, நான் குளியலறையில் விழுந்தேன். துரதிர்ஷ்டவசமாக, இரண்டு மணி நேரம் எழ முடியவில்லை. துரதிர்ஷ்டவசமாக, யாரும் வரவில்லை."

அதற்கும் கைதட்டல். அதற்கும் வெரி குட். அப்புறம்தான் டீச்சர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நிராசாவா அம்மாள் பக்கத்து நாற்காலிக்காரியின் காதைக் கடித்தார். "மனுஷன் வாயத் தொறந்தா ஒப்பாரிதான். காலங்காத்தால மூடே போயிடுது."

"தப்பே இல்லாம எழுதியிருக்கீங்க," என்றார் டீச்சர். "ஆனா ஒரே வார்த்தையைப் புடிச்சுத் தொங்கிக்கிட்டு இருந்தா எப்படி முன்னேறுறது?"

குமே பின்னந்தலையைச் சொறிந்தார். "மன்னிக்கணும் டீச்சர். நம்ம பாஷையில இதையெல்லாம் சொல்ல வாய் வரமாட்டேங்குது. அடுத்தவங்களுக்குத் தொந்தரவு குடுக்கிற மாதிரி இருக்கு. இங்கிலீஷ்ல என்னவோ, கூசாம வந்துடுது."

எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்போ உங்களுக்கு இங்கிலீஷ் நல்லாவே வந்துடுச்சுன்னு அர்த்தம்," என்றார் டீச்சர். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். "அடுத்த வாரம் மூணையும் 'அதிர்ஷ்டவசமாக'ன்னு ஆரம்பிச்சு எழுதிட்டு வாங்க. கேக்கிறவங்களுக்கும் கொஞ்சம் சந்தோஷமா இருக்கணும் இல்லையா?"

"முயற்சி பண்றேங்க," என்று குனிந்து வணங்கிவிட்டு உட்கார்ந்தார் குமே.

சொன்ன சொல் தவறாத மனிதர். அடுத்த செவ்வாயன்று மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சட்டைக் காலருக்கும் மெலிந்துபோன கழுத்துக்கும் நடுவே நாலு விரல் நுழையும். அதை யார் கவனித்தார்கள்?

"அதிர்ஷ்டவசமாக, இந்த வாரம் நான் ஒரு தடவைதான் விழுந்தேன். அதிர்ஷ்டவசமாக, எனக்குப் பசிக்கவே இல்லை. அதிர்ஷ்டவசமாக, செவ்வாய்க்கிழமை வந்தது."

கூடமே அதிரக் கைதட்டினார்கள். டீச்சர் அவருடைய நோட்டில், சின்னப் பிள்ளைகளுக்குப் போடுவதுபோல, சிவப்பு மையில் பாராட்டுக்குப் பெரிய பூ வளையம் போட்டுக் கொடுத்தார்.

"பாத்தீங்களா, மனசு வெச்சா முடியுது," என்றார் நிராசாவா அம்மாள்.

அதற்கு அடுத்த வாரம் குமே வரவில்லை.

"போன் பண்ணிப் பார்க்கலாமா?" என்று டீச்சர் ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

"எதுக்குங்க? அவருக்கு என்ன சோலியோ. நாம போய் மூக்கை நுழைச்ச மாதிரி ஆயிடும்," என்றார் நிராசாவா அம்மாள்.

டீச்சருக்கும் அது சரியாகத்தான் பட்டது. அதற்கடுத்த வாரமும் நாற்காலி காலியாகவே இருந்தது. அப்போது அந்தப் பேச்சுகூட எழவில்லை.

மூன்றாவது செவ்வாயன்று ஓர் இளம் போலீஸ்காரர் வந்தார். தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டார்.

"குமே சான் இறந்துட்டாருங்க. வாசல்ல பேப்பர் குவிஞ்சு கிடக்கவும் பக்கத்து வீட்டுக்காரங்க சொன்னாங்க. போய்ப் பார்த்தோம். உயிர் போய் ரெண்டு வாரத்துக்கு மேல இருக்கும்னு டாக்டர் சொல்றார்."

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார்.

"சொந்தம்னு யாரும் இல்ல. மேஜை மேல இந்த நோட்டு இருந்துச்சு, அட்டையில உங்க வகுப்புப் பேர். அதான் வந்தேன். உடம்பு முடியலேன்னோ, தனியா கஷ்டப்படுறேன்னோ இங்க யார்கிட்டயாவது சொல்லியிருக்காரா?"

நிராசாவா அம்மாள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க சும்மா இருந்திருப்போமாங்க? வாயே தொறக்கலையே, பாவி மனுஷன்."

எட்டுத் தலைகளும் ஆமாம் ஆமாம் என்று ஆடின.

இசோகாய் டீச்சர் நோட்டை வாங்கிப் பிரித்தார். விழுந்தேன். சாப்பிடவில்லை. நெஞ்சு வலித்தது. யாரும் வரவில்லை. பக்கம் பக்கமாக அதுதான். எல்லாவற்றின் மேலும் அவருடைய சிவப்பு மை. இங்கே ஓர் எழுத்துப் பிழை, அங்கே ஒரு காற்புள்ளி. அத்தனை செவ்வாய்க்கிழமையும் அந்த மனிதர் எழுந்து நின்று, எல்லோர் காதிலும் விழும்படி, சத்தமாகச் சொல்லியிருக்கிறார்.

"எனக்கு இங்கிலீஷ் வராதுங்க," என்றார் போலீஸ்காரர். "அதுல ஏதாச்சும் எழுதி வெச்சிருக்காரா டீச்சர்?"

எல்லோரும் டீச்சரின் முகத்தையே பார்த்தார்கள். டீச்சர் நோட்டை மூடி, இரண்டு கையாலும் மரியாதையாக அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"ஒண்ணும் இல்லீங்க. வெறும் வீட்டுப்பாடம்."